சொத்தை என்று பிடுங்கியவை

தாவர ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் கோதுமை நாற்றுகளை ஒவ்வொன்றாக விரலால் நிமிர்த்தி அளந்துகொண்டிருந்தாள். பாதித் தொட்டிகளுக்கு ஹோமியோபதித் துளி; தண்ணீரில் மறுபடி மறுபடி கலந்து, மருந்தே மிஞ்சாத அளவுக்கு நீர்க்கச் செய்தது. மீதிக்கு வெறும் தண்ணீர். எதற்கு எது என்பது பக்கத்து மேசைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

இதே சோதனையை முன்பு தனியாகச் செய்து, மருந்து ஊற்றிய நாற்றுதான் உயரமாக வளர்கிறது என்று எழுதிப் பேர் வாங்கியவள் அவள். அதைப் படித்துப் பூரித்துப்போனவள் அவளுடைய அக்கா. தையல்காரி, வாயும் கத்தரிக்கோல் மாதிரிதான். மார்பில் கட்டி வந்தபோது, "பயிருக்கே வேலை செய்யுதாம், எனக்குச் செய்யாதா? என் தங்கச்சி கண்டுபிடிச்சது இருக்கும்போது கத்தி எதுக்கு?" என்று அறுவை சிகிச்சையை உதறிவிட்டுத் துளி மருந்தில் இறங்கிவிட்டாள்.

"டாக்டரையும் பாத்துக்கோக்கா" என்று தங்கை சொன்னாள்தான். ஒப்புக்குச் சொன்னாள். உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. பாழாய்ப்போன பெருமை! கட்டி கரையாமல் பெருத்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. சோதனையைத் திரும்பச் செய்ய உட்கார்ந்தாள்.

குட்டையான ஒரு நாற்றைப் பிடுங்கப் போனாள்.

"அதை ஏன் பிடுங்குறீங்க?" என்றார் மேசைக்காரர்.

"சொத்தை விதை சார். கணக்குல சேக்கக் கூடாது."

"இது மருந்துத் தொட்டியா, தண்ணித் தொட்டியா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவை தெரியுமில்ல?"

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. போன தடவை, மருந்துத் தொட்டியில் குட்டையாக இருந்ததையெல்லாம் சொத்தை என்று பிடுங்கி எறிந்தாள். தண்ணீர்த் தொட்டியில் இருந்ததை, தண்ணீருக்கு இவ்வளவுதான் வளரும் என்று விட்டுவைத்தாள். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, பாவம். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. இந்த முறை ஒன்றையும் பிடுங்காமல் அளந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அன்றே அக்காவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பரிசோதனையெல்லாம் முடிந்ததும் டாக்டர் தங்கையை மட்டும் கூப்பிடப் பார்த்தார். அக்கா விடவில்லை. "என் உடம்புதானே, என்கிட்டயே சொல்லுங்க."

"எலும்பு வரைக்கும் பரவிடுச்சும்மா. முன்னாடியே வந்திருந்தா எவ்வளவோ செஞ்சிருக்கலாம்."

வெளியே பெஞ்சில் தங்கை உடைந்துபோய் அழுதாள். "நான் எழுதினது தப்புக்கா. இன்னொருத்தரை வச்சுச் செஞ்சு பாத்தா ஒரு வித்தியாசமும் வரல. நான்தான் உன்னைக் கெடுத்துட்டேன்."

அக்கா தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நீ வேணும்னு செய்யலடி. ஆனா என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் நீ எழுதினதை நம்பி உக்காந்திருக்காங்களோ! தப்புன்னு எழுது. வேண்டியவங்க சொன்னாங்கன்னு எதையும் நம்பாதீங்க, வேற ஆள் செஞ்சு பாத்தும் அதேதான் வந்துச்சான்னு கேளுங்க, வியாதின்னா முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எழுது."

"எழுதுறேன்க்கா."

"சீக்கிரம் எழுதுடி. நான் இருக்கும்போதே எனக்குப் படிச்சுக் காட்டு."