இன்னும் நான்கு இரவுகள்

காலை ஆறரைக்கு லோவல் டோலஃப்சன் கடற்கரைக்கு வந்து, முதல் வரிசை நாற்காலிகள் இரண்டில் துண்டு விரித்தார். முதல் வரிசை நீலப் பட்டைக்காரர்களுக்கு. அவர் மணிக்கட்டில் இருந்தது நீலப் பட்டை. மற்றவர்களுக்கு வெள்ளை.

இரவில் ஒதுங்கிய கடற்பாசியை நான்கு பேர் வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அழுகிய முட்டை நாற்றம். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஃபோனில் விடுதிக் குழுமத்தின் செயலியைத் திறந்தார். திரையில் ஒரு வட்டம். ஏறக்குறைய முழுதும் நீலமாகிவிட்டிருந்தது. ஒரு சிறு துண்டு மட்டும் வெள்ளை. அதன் கீழே எழுதியிருந்தது: இன்னும் நான்கு இரவுகள்.

அன்று டிசம்பர் இருபத்தெட்டு. அந்த ஆண்டிலும் மிச்சமிருந்தவை நான்கு இரவுகளே.

லோவல் முப்பத்தோரு ஆண்டுகள் தானியம் உலர்த்தும் இயந்திரங்களை விற்றவர். வாரத்தில் மூன்று நாள் வெளியூர். எந்த ஊரானாலும் அதே குழுமத்தின் விடுதிதான். அது இல்லாத ஊரில் வேலை என்றால், ஐம்பது மைல் தள்ளி அது இருக்கும் ஊருக்குப் போய்த் தூங்குவார். ஆண்டுக்கு அறுபது இரவு தங்குகிறவர் 'சபையர்', அதாவது நீலக்கல், உறுப்பினர். பத்து ஆண்டுகள் விடாமல் சபையராக இருந்தால் வாழ்நாள் சபையர். அதன்பின் சாகும்வரை யாரும் பறிக்க முடியாது. நடுவில் ஓர் ஆண்டு தவறினால் மறுபடி முதலிலிருந்து.

இது பத்தாம் ஆண்டு. கோடையில் ஓய்வு பெற்றுவிட்டதால் பத்து இரவுகள் குறைந்தன. அவற்றை முடிக்கத்தான் மெக்சிகோவின் இந்தக் கரைக்கு வந்திருந்தார். மனைவி மார்லிஸிடம் விடுமுறை என்று சொல்லியிருந்தார். மார்லிஸ் நம்பவில்லை. ஆனாலும் வந்தார்.

மார்லிஸ் செருப்பில்லாமல் மணலில் வந்துகொண்டிருந்தார். கையில் ஃபோன்.

"ஆர்டன்," என்றார். "நேத்து கடைசிகால இல்லத்துக்கு மாத்திட்டாங்களாம். நர்ஸ் பேசினா. ரெண்டு நாள், மிஞ்சினா மூணு நாள்ங்கிறா. இந்தா, பேசு."

ஆர்டன் லோவலுக்கு இரண்டு வயது மூத்த அண்ணன். மணம் செய்துகொள்ளவில்லை. வடக்கே, அவர்கள் ஊரான பெமிஜியில் சாலைப் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். முப்பது குளிர்காலங்கள், லோவல் வெளியூரில் இருந்த நாட்களிலெல்லாம், தம்பி வீட்டு வாசலில் பனியைத் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நின்றுபோனால் வந்தார். மார்லிஸுக்குப் பிரசவ வலி எடுத்தபோது மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் அவர்தான். லோவல் அன்று ஃபார்கோவில் ஒரு விடுதியில் இருந்தார். "நீங்கதான் அப்பாவா?" என்று நர்ஸ் கேட்டபோது ஆர்டன், "இல்லம்மா, நான் பனி தள்றவன்," என்றார்.

ஆர்டன் கடலைப் பார்த்ததில்லை. வாழ்நாள் சபையர் ஆனவர் துணைக்கு ஒருவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அவருக்கும் நீலப் பட்டை உண்டு. "உன் பேரைத்தான் போடப்போறேன்," என்று லோவல் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். "முதல் வரிசை நாற்காலி, ஆர்டன்." "என் வண்டியில நான் எப்பவுமே முதல் வரிசைதான்டா," என்பார் ஆர்டன். வசந்தம்வரை தாங்குவார் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். பிப்ரவரியில் அழைத்து வருவதாக ஏற்பாடு.

லோவல் ஃபோனை வாங்கினார்.

"ஆர்டன்."

"என்னடா, வெயில் எப்படி?"

"பரவாயில்ல. அங்க?"

"மைனஸ் இருபத்தாறு. ஜன்னலோரமாப் படுக்க வெச்சிருக்காங்க. கீழ எவனோ பனி தள்றான். சுவத்தோட சேத்து அப்பறான், மடையன். உருகினா எல்லாம் உள்ளதான் வரும்."

"நான் கிளம்பி வரட்டுமா?"

சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"எதுக்கு? அவ்ளோ தூரம். நீ உன் லீவைப் பாரு."

"சரி."

மறுபடி மூச்சு.

"அது என்னடா சத்தம்?"

"கடல்."

"கொஞ்சம் ஃபோனை அந்தப் பக்கம் நீட்டேன்."

லோவல் நீட்டினார். பாசி வாருகிறவர்களின் சத்தமும் சேர்ந்து போயிருக்கும்.

"நம்ம நெடுஞ்சாலை மாதிரிதான் இருக்கு," என்றார் ஆர்டன். "இதுக்கா நீ இவ்ளோ தூரம் போன?"

பெமிஜியில் விருந்தாளியிடம் காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். இரண்டாவது முறை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். மூன்றாவது முறை கேட்டால்தான், சரி, அரைக் கோப்பை என்று நீட்டுவார். எடுத்த எடுப்பில் ஆமாம் என்பது அங்கே மரியாதை இல்லை. முதல் மறுப்பை நம்பிக் காபிக் குடுவையைத் திருப்பி வைப்பதும் மரியாதை இல்லை. லோவலுக்கு இது அறுபத்து மூன்று ஆண்டுகளாகத் தெரியும்.

அவர் ஒரு முறைதான் கேட்டார்.

"என்ன சொன்னாரு?" என்றார் மார்லிஸ்.

"வரவேணாம்ங்கிறான்."

"நீ எத்தனை தடவை கேட்ட?"

லோவல் கடலைப் பார்த்தார்.

மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்து விமானம் தேடினார். பண்டிகைக் காலம். எல்லாம் நிரம்பியிருந்தன. அன்று மாலை கிளம்பும் ஒன்றில் மட்டும் இரண்டு இடம் இருந்தது. ஹூஸ்டனில் இரவு முழுக்கக் காத்திருந்து மறுநாள் ஊர் சேரவேண்டும்.

"போட்டுடறேன்," என்றார்.

"இரு. இன்னிக்கு ராத்திரி போயிடும். ஒண்ணு குறையும்."

"என்ன ஒண்ணு?"

மார்லிஸ் அவர் மடியிலிருந்த ஃபோனைப் பார்த்தார். அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு கோபத்தைக் காட்டாத குரலில் சொன்னார்:

"சரி. நான் இங்க இருக்கேன். அந்தக் கட்டில்ல நாலு ராத்திரியும் படுத்துக் கிடக்கறேன். நீ போ."

"உறுப்பினரே தங்கணும். அதான் விதி."

"வா, கேட்டுப் பாப்போம்."

வரவேற்பு மேசையில் ரோசல்பா கனுல் இருந்தாள். அந்தக் கரையிலேயே பிறந்தவள். லோவலைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க வீட்டுக்கு வாங்க, சென்யோர் லோவல்," என்பாள். சபையர் உறுப்பினர்களை அப்படித்தான் அழைக்கவேண்டும் என்பது உத்தரவு. மார்லிஸ் விஷயத்தைச் சொன்னார். ரோசல்பா மேலாளரின் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"விதி அப்படித்தான், சென்யோரா. ஆனா அறைக்குள்ள யாரு தூங்கறாங்கன்னு நான் எட்டிப் பாக்கறதில்ல. ரெண்டு பேருமே போங்க. ஒரு பெட்டியை மட்டும் விட்டுட்டுப் போங்க. ஒண்ணாந்தேதி நானே கணினில காலி பண்ணதா போட்டுடறேன்."

"தெரிஞ்சுபோச்சுன்னா?" என்றார் லோவல்.

"தெரிஞ்சா போறது என் வேலைதானே? உங்க அண்ணன், சென்யோர்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் லோவல்.

நீலப் பட்டைக்காரர்களின் கூடத்தில் போய் உட்கார்ந்தார். பப்பாளித் துண்டுகள் வந்தன. ஃபோனில் உறுப்பினர்களின் இணைய மன்றத்தைத் திறந்தார். ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் படிக்கும் இடம். நிலைமையை எழுதிவிட்டுக் கேட்டார்: போகலாமா?

பத்து நிமிடத்தில் பதினோரு பதில்கள். "அண்ணனுக்காக வருந்துகிறேன். ஆனால் தணிக்கை செய்கிறார்கள். கால்கரி நகரத்துக்காரர் ஒருவரின் ஒன்பது ஆண்டு உறுப்பினர் எண்ணையே முடக்கிவிட்டார்கள்." "அறைச் சாவி எத்தனை முறை திறந்தது என்றுகூடப் பார்ப்பார்கள். ஊழியரை நம்பாதே." "நாலே இரவு, நண்பா! கரைக்கு வந்துவிட்டாய், இப்போது விடாதே."

அண்ணன் பெயரை யாரும் கேட்கவில்லை. லோவலும் எழுதவில்லை.

அறைக்கு வந்தபோது மார்லிஸ் துணிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாந்தேதி மதியமே கிளம்பி நேரா அவன்கிட்ட வந்துடறேன்," என்றார் லோவல். "அதுவரைக்கும் தாங்குவான். மலை மாதிரி ஆளு."

"போன மாசம் நீ பாக்கலியா? குழந்தை கனம்தான் இருந்தாரு."

"நீ போறல்ல."

"நான் போறேன். நான் அவருக்குத் தம்பி இல்ல, லோவல்."

நகம் வெட்டும் கத்தரியால் தன் மணிக்கட்டுப் பட்டையை வெட்டி மேசையில் வைத்தார். கதவு வரை போய் நின்றார்.

"முப்பது வருஷம் உனக்குப் பதிலா அவரு இருந்தாரு. பெத்தவன் நிக்கவேண்டிய எடத்துல நின்னாரு. இப்ப அவருக்குப் பதிலா யாரும் சாக முடியாது. கூட இருக்கத்தான் முடியும். அதைத்தான் உன்னைக் கேக்கறேன்."

லோவல் பெட்டியை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தார்.

இருபத்தொன்பதாம் தேதி வட்டத்தில் வெள்ளைத் துண்டு சிறுத்தது. ஊருக்கு இருமுறை அழைத்தார். ஆர்டன் தூங்குவதாக மார்லிஸ் சொன்னார். முப்பதாம் தேதி காலையில் மார்லிஸே அழைத்தார்.

"கண்ணு திறக்கல. காது கேக்கும்ங்கிறாங்க. காதுல வெக்கறேன், ஏதாவது பேசு."

முதல் வரிசை நாற்காலியிலிருந்து லோவல் எழுந்து நின்றார். ஃபோனைக் கடல் பக்கம் நீட்டினார். கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டே நின்றார்.

பிற்பகல் இரண்டரைக்கு ஆர்டன் இறந்தார்.

இன்னும் இரண்டு இரவுகள் இருந்தன. லோவல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இனி அவசரமில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. இப்போது கிளம்பினால் இரண்டும் போய்விடும், அவனும் இல்லை. அப்படி நினைத்தது தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. பெட்டியை மூடினார். கிளம்பவில்லை.

ஜனவரி முதல் தேதி காலை அறையைக் காலி செய்ய வந்தார். வட்டம் முழு நீலம். வரவேற்பு மேசையருகே ஊழியர்கள் ஆறு பேர் காத்திருந்தார்கள். மேலாளர் நீலச் சிப்பி மாலையை அவர் கழுத்தில் போட்டார். ஒரு பித்தளை மணியை அடிக்கச் சொன்னார். லோவல் அடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். ரோசல்பா மட்டும் மேசைக்குப் பின்னால் இருந்தாள். மூன்று நாள் விடுப்புக்குப் பின் அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள்.

"வாழ்த்துகள், சென்யோர் லோவல். துணைக்கு ஒரு பேரு சேக்கணும். யாரு பேரு போடட்டும்?"

"ஆர்டன்," என்றார் லோவல். "ஆர்டன் டோலஃப்சன்."

அவள் தட்டச்சினாள். நிமிர்ந்தாள்.

"உங்க அண்ணனா? தேறிட்டாரா? கடவுளே, நல்லதாப் போச்சு. நீங்க போய்ட்டு இதுக்காகவே திரும்பி வந்தீங்களா?"

"நான் போகல," என்றார் லோவல். "அவன் முந்தாநாள் போயிட்டான்."

ரோசல்பா விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்தாள். பிறகு ஒரு விரலை வைத்து, திரையிலிருந்த பெயரைக் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். நேரம் பிடித்தது.

"கோவிச்சுக்காதீங்க, சென்யோர். வேலைக்கு இருக்கறவ இதைச் சொல்லக் கூடாது. நீங்க காலி பண்ற அறைக்கு மூணு மணிக்கு வேற ஒருத்தர் வர்றாரு. அவருக்கும் இதே நீலப் பட்டைதான். அவரையும் 'உங்க வீட்டுக்கு வாங்க'ன்னுதான் சொல்வேன். இங்க உங்க நாற்காலியில உக்கார எப்பவும் ஆள் உண்டு. உங்க அண்ணன் கட்டில் பக்கத்து நாற்காலிக்கு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். விசுவாசம்னு ஒண்ணு இருந்தா அதை அங்கதான் காட்டணும். எங்ககிட்ட இல்ல."

லோவல் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். அவள் அதை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள். மூன்று மணிக்குத் தேவைப்படலாம்.

மறுநாள் பெமிஜியில் டாக்சி தெருவிலேயே நின்றுவிட்டது.

"இதுக்கு மேல போகாது சார்," என்றார் ஓட்டுநர். "உங்க வீட்டுக்குப் பனி தள்ற ஆளு யாரும் கிடையாதா?"

வாசலில் தொடையளவு பனி. மார்லிஸின் காலடித் தடம் மட்டும் ஒற்றை வரிசையாகப் போயிருந்தது. முப்பது குளிர்காலங்களில் லோவல் தன் வாசலை அப்படிப் பார்த்ததில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தத் தடத்திலேயே கால் வைத்து நடந்தார். இருமுறை விழுந்தார்.

மார்லிஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை அடக்கம் என்றார். லோவல் எதிரில் உட்கார்ந்தார். சட்டைக் கைக்குக் கீழே நீலப் பட்டை தெரிந்தது.

"கடைசியா ஏதாவது சொன்னானா?"

"நான் போய்ச் சேந்த அன்னிக்குப் பேசினாரு. லோவலைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவனுக்கு எதுக்குச் சிரமம்னாரு." மார்லிஸ் மேசையைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "அது ரெண்டாவது தடவை. மூணாவது தடவை நீ கேப்பேன்னு நெனச்சு கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

லோவல் ரோசல்பா சொன்னதைச் சொன்னார். தட்டுத் தடுமாறி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். "அந்தப் பொண்ணு சொன்னது நெசம், மார்லிஸ். எனக்குப் பதிலா ஆள் இருக்கற எடத்துக்கெல்லாம் நான் ஒழுங்காப் போனேன். ஆளில்லாத எடம் ஒண்ணே ஒண்ணு. அங்க போகல."

"இதை உனக்கு ஒருத்தர் சொல்லணுமா?" என்றார் மார்லிஸ்.

எழுந்து போய் அடுப்பிலிருந்த குடுவையை எடுத்தார்.

"காபி?"

"வேணாம்," என்றார் லோவல்.

மார்லிஸ் குடுவையைத் திருப்பி வைத்தார்.