ஆந்தூசா வைத்த ஒப்பாரி

மன்னன் செத்துப்போன செய்தி நெசவுக்கூடத்துக்கு வந்ததும் தெக்லா தறியின் மேலேயே கவிழ்ந்து அழுதாள். பக்கத்துத் தறியில் இருந்த ஆந்தூசாவுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது.

"யாருக்குடி அழற?"

"ராஜா போயிட்டாருக்கா."

"போனா போகட்டும். உன் அப்பனா, மாமனா?"

"நம்மள யாரையும் அடிக்க விட்டதில்லக்கா. வேளாவேளைக்கு ரொட்டி போட்டாரு. நம்ம கிரேக்கத்துலயே பேசுவாராம்..."

"ஆமா, அவ்வளவு நல்லாப் பேசித்தான் நம்ம ஊரையே சுருட்டிட்டு வந்தான். எந்திரி. கண்ணீர் விழுந்து பட்டுத்துணி கறைபட்டா அதுக்கும் நம்மளத்தான் திட்டுவானுங்க."

பலேர்மோ நகரமே அந்த மன்னனை மெச்சியது. வடக்கே குளிர் நாட்டிலிருந்து குதிரையும் வாளுமாக வந்த நார்மன் குலத்தில் பிறந்தவன். அப்பன் அடித்துப் பிடித்த தீவில் கிரேக்கரோடும் அரபிகளோடும் வளர்ந்து, போப்பாண்டவரோடே மல்லுக்கட்டி முடி சூடிக்கொண்டவன். அரபி எழுத்துப் பொறித்த செம்பட்டு அங்கி உடுத்தினான். பண்டிதர்களை உட்காரவைத்து, உலகத்து ஊர்களையெல்லாம் ஒரு பெரிய வெள்ளித் தகட்டில் செதுக்க வைத்தான். அதில் தீப்ஸ் நகரமும் இருக்கிறது என்று யாரோ பெருமையாகச் சொன்ன அன்று ஆந்தூசா ரொட்டியைத் தொடவில்லை. கிரேக்க நாட்டுத் தீப்ஸ் அவள் ஊர்.

அவனுடைய கப்பல்கள் கரை சேர்ந்தபோது ஊரில் காவலுக்கு நாதியில்லை. வீரர்கள் பொன்னையும் வெள்ளியையும் வாரினார்கள். பிறகு பெண்களை வரிசையாக நிறுத்தி விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார்கள். நூல் உரசிக் காய்த்துப்போன விரல்காரிகளை மட்டும் கப்பலுக்கு ஓட்டினார்கள். ஆந்தூசாவின் இடுப்பில் பால்குடி மறவாத மகள் இருந்தாள். ஒருவன் குழந்தையைப் பிடுங்கித் துறையில் கிடந்த கயிற்றுச் சுருளின் மேல் வைத்தான். "இது நெய்யாது" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பால் கட்டிய மார்போடு, சட்டை நனைய நனைய, அவள் கடல் கடந்து வந்தாள்.

மதியம் கூடத்துக் கண்காணி ஜவ்ஹர் வந்தான். அவனும் சிறு வயதில் அரண்மனைக்கு விற்கப்பட்டவன்தான்.

"மூணு நாள் துக்கம். எல்லாரும் தலையை விரிச்சுப்போட்டு, தெருத்தெருவா அழுதுக்கிட்டுப் போகணும்னு உத்தரவு."

"நான் அழ மாட்டேன்னா?"

"ஆந்தூசாம்மா, வம்பு வேணாம். வாயைத் தொறந்து சத்தம் போட்டாப் போதும். என்ன சொல்லி அழறேன்னு எவன் கேக்கப் போறான்?"

"அப்போ என்ன சொல்லி அழுதாலும் சரிதானே?"

அவன் அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

பறைகள் அதிர, சாக்குத்துணி உடுத்திய பெண்கள் கடைத்தெருவில் நகர்ந்தார்கள். ஆரஞ்சுப் பழங்கள் மதிலுக்கு மேலே தொங்கின. ஆந்தூசா கொஞ்ச தூரம் உதட்டைக் கடித்துக்கொண்டே நடந்தாள். பிறகு மார்பில் ஓங்கி அறைந்துகொண்டு, தன் கிரேக்கத்திலேயே தொடங்கினாள்.

"செம்பட்டு மூடிக்கிட்டுச் சீமானே போறியே,
என் பச்சப்புள்ள கெடந்த கரை பாத்துட்டுப் போனியா!
கப்பல அனுப்புனவனே, களவாணி ராசாவே,
என் மாரு கட்டுன வலி ஒன் மண்ணோட சேரட்டும்!"

குதிரைமேல் இருந்த, கிரேக்கம் தெரியாத நார்மன் பிரபு ஒருவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜவ்ஹரை அழைத்தான்.

"என்னய்யா சொல்றா? கேக்கறப்பவே மனசு என்னவோ பண்ணுது."

"மகாராஜா இல்லாம எப்படி உசிரோட இருப்பேன்னு அழறாங்க, பிரபு."

தெருவோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த கிரேக்கப் பெண்களிடம் அந்தப் பொய் செல்லவில்லை. ஒருத்தி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்து ஆந்தூசாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ராஜா கப்பல்ல துடுப்பு வலிக்கப் போன எம்மவனும் வரலையே!" என்று அவளும் கதறினாள். தெக்லா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

சாயங்காலம் ஜவ்ஹர் ஒரு பட்டுச் சால்வையோடு வந்தான்.

"அந்தப்புரத்துல உன் அழுகையைக் கேட்டு உருகிட்டாங்களாம். இந்தா, சன்மானம். நாளைக்கு நீ முன் வரிசை."

ஆந்தூசா பிரித்துப் பார்த்தாள். பச்சைக் கிளி ஜோடி. போன கோடையில் இடுப்பு ஒடிய அவள் நெய்தது.

"இது நான் நெய்ஞ்சதுய்யா!" சால்வையைச் சுருட்டி அவன் முகத்தில் எறிந்தாள். "என்னையும் திருடி, என் கையாலயே நெய்யவும் வெச்சு, அதை எனக்கே தானம் பண்றீங்களா? வெக்கமா இல்ல?"

ஜவ்ஹர் குனிந்து அதை எடுத்துத் தூசி தட்டினான். "இன்னிக்கு உனக்காகப் பொய் சொன்னேன். நாளைக்கு வேற எவனாவது அர்த்தம் சொன்னா உன் நாக்கு இருக்காது."

"நாக்கு போனாலும் நெய்யலாமே. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

மறுநாளும் அதற்கடுத்த நாளும் போனாள். குரல் கிழிந்து ரத்தம் கசியும்வரை பாடினாள். யாரும் அவளைத் தொடவில்லை. துக்கம் முடிந்ததும் தறிக்குத் திரும்ப அனுப்பினார்கள்.

செத்தவனின் மகன் பட்டத்துக்கு வந்தான். சில வருஷங்கள் சண்டை பிடித்துவிட்டு, கிரேக்கப் பேரரசரோடு சமாதானம் பேசினான். பிடித்து வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று கூடம் முழுக்கப் பேச்சு. ஆந்தூசாகூட நம்பினாள். மகள் உயிரோடிருந்தால் இப்போது எந்த உயரம் இருப்பாள் என்று தன் இடுப்புக்கு மேலே கையை வைத்து வைத்துப் பார்த்தாள். தெக்லா எல்லோருடைய துணிகளையும் துவைத்து மூட்டை கட்டினாள்.

ஜவ்ஹர் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

"கப்பல் வந்திருக்கு. படைவீரங்க, பெரிய வீட்டுக்காரங்க எல்லாரும் போறாங்க. நெசவுக்காரங்க மட்டும் இங்கயே இருக்கணுமாம். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க."

"ரெண்டு பக்கமுமா?" என்றாள் ஆந்தூசா. "நம்ம கிரேக்க ராஜாவுமா?"

"அவரும்தான்."

தெக்லாதான் எழுந்தாள். புது மன்னனின் விழாவுக்கென்று தறியில் பாதி நெய்து நின்ற செம்பட்டின் பாவு நூல்களைக் கத்தரியால் ஒரே வீச்சில் அறுத்தாள். இழைகள் சடசடவென்று அறுந்து தொங்கின.

"போய்ச் சொல்லு உன் ராஜாகிட்ட! அவன் அப்பனுக்கு நெஞ்சு வெடிக்க அழுதேனே, அந்தக் கண்ணீரைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு! அம்மணமா விழா கொண்டாடச் சொல்லு!"

ஆந்தூசா அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கித் தன் தறியையும் அறுத்தாள். காவலர்கள் வந்து பிடிப்பதற்குள் இன்னும் இரண்டு தறிகள் போயின.

இருவரையும் சாயக்கொட்டகைக்குத் தள்ளினார்கள். ஆவி முகத்தில் அடிக்க, முழங்கைவரை சிவப்பேற, கொதிக்கும் கொப்பரையைக் கிளறியபடியே இந்த ஊர் ராஜாவையும் கிரேக்க ராஜாவையும் வாய் ஓயாமல் ஏசினார்கள். ஜவ்ஹர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டான்.