ஒரே ஒரு அடி

சிம்பொனி முழுவதிலும் கார்முகிலுக்கு இருந்த வேலை ஒரே ஒரு அடிதான். வயலின்கள் அழுது அழுது மேலே ஏறி, இனித் தாங்காது என்கிற இடத்தில் அவன் இரண்டு பித்தளைத் தட்டுகளையும் மோதவேண்டும். வீட்டில் அதை அப்படியா சொன்னான்? தன் அடியில்தான் கச்சேரியே இருக்கிறது என்று அளந்துவிட்டிருந்தான்.

அதை நம்பிய அம்மா ஆதிலட்சுமி, பல்கலைக்கழக இசைக்குழு விருத்தாசலத்துக் கல்யாண மண்டபத்துக்கு வந்த அன்று, பீங்கான் பட்டறையில் தன்னோடு பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பெண்களைத் திரட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒம் மவன் எம்மாம் பெரிய ஜால்ரா வச்சிருக்கான் பாரு" என்று பாஞ்சாலை கிண்டலடித்தது மேடைவரை கேட்டது.

வாசிப்பு தொடங்கியது. அம்மா தூங்கிவிடுவாளோ என்று கார்முகில் ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தான். அவள் தூங்கவில்லை. சோகமான பகுதி வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாஞ்சாலைகூட மூக்கை உறிஞ்சினாள். நம்மால்தானே அழுகிறார்கள் என்று அவன் நெஞ்சு நிமிர்ந்தது. அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினால், அவனை நோக்கி நீண்டிருந்த, குழுவை நடத்தும் பேராசிரியரின் கை வெறுமனே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடம் போய்விட்டது.

கடைசிவரை காது சிவக்க நின்றான். பேராசிரியர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முடிந்ததும் பெண்கள் மேடைக்கே வந்துவிட்டார்கள். கமலம் அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எவ்வளவு அழகாக வாசித்தான் என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். ஒவ்வொன்றும் அறை வாங்கியதுபோல் இருந்தது.

"எங்க, ஒரு தடவ அடிச்சுக் காட்டு தம்பி" என்றாள் பாஞ்சாலை.

சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தான். அம்மா விடவில்லை.

"ஆசையா கேக்குறாங்க, அடிடா."

அடித்தான். மண்டபமே அதிர்ந்தது. வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான்.

பாஞ்சாலை காதைப் பொத்திக்கொண்டாள். "யம்மாடி, இந்தச் சத்தம் அப்ப எனக்குக் கேக்கவே இல்லியே."

ஆதிலட்சுமி மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ மூக்கச் சிந்திக்கிட்டு இருந்தடி" என்றாள் அவள். "எனக்கு நல்லாவே கேட்டுது."

வேப்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனாள். அந்த அடி எந்த இடத்தில் வந்தது, அப்போது தனக்கு எப்படித் தூக்கிவாரிப் போட்டது என்று அவள் விவரமாகச் சொல்லிக்கொண்டு போனது, வாசல் தாண்டும்வரை மேடைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.