நாலுக்குப் பத்தொன்பது

அறிவிப்பை ஊராட்சி அலுவலகக் கதவில் ஒட்டிய அன்றே வெண்டல் ஹாசே வந்துவிட்டார். கில்ராய் ஊராட்சியில் இருபத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தவள் நான். அந்தக் கதவில் ஒட்டும் காகிதத்தை நின்று முழுசாகப் படிக்கிற ஒரே மனிதர் அவர்தான்.

விஷயம் சின்னது. ஊருக்குப் புதிதாகத் தீயணைப்பு நிலையம் கட்ட நெடுஞ்சாலையை ஒட்டி மேடான இடம் தேவைப்பட்டது. அப்படி ஒரு நாலு ஏக்கர் ஆற்றுப் பாதுகாப்பு ஆணையத்தின் கையில் இருந்தது. அதற்கு ஈடாக, மோரன் ஆற்றங்கரையில் ஊராட்சிக்குச் சொந்தமாகச் சும்மா கிடந்த பத்தொன்பது ஏக்கர் காட்டை ஆணையம் கேட்டது. பாதி சதுப்பு, பாதி மேப்பிள் மரம். அந்தக் காட்டுக்கு அடுத்த பண்ணை வெண்டலுடையது.

"நாலைக் குடுத்துட்டுப் பத்தொன்பதை வாங்கறாங்க. இதுல ஏதோ உள்குத்து இருக்கு, டோரீன்."

"அதுல பாதி சதுப்பு, வெண்டல். அங்க ஒரு நாய்க்கூண்டுகூட கட்ட முடியாதுங்க."

"கட்ட முடியாத இடத்தை எதுக்குக் கேக்கறாங்க? அதைச் சொல்லு முதல்ல."

"தண்ணி தேங்கற இடம், ஆத்துக்கு நல்லதுங்கறாங்க."

"அறுபத்தொன்பதுலயும் ஆத்துக்கு நல்லதுன்னுதான் சொன்னாங்க."

அறுபத்தொன்பதில் அணை கட்டப்போகிறோம் என்று சொல்லி அவர் அப்பாவின் ஆற்றோர நிலம் முழுவதையும் ஆணையம் எடுத்துக்கொண்டது. அணை வரவேயில்லை. எடுத்த நிலம் திரும்பவும் வரவில்லை. வெண்டலுக்கு அப்போது ஒன்பது வயது. கடையில் ஆணி வாங்கினாலும் வீட்டுக்குப் போய் மறுபடி நிறுத்துப் பார்க்கிற குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

அந்த இலையுதிர்காலம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். வரைபடம் கேட்டார், கடிதப் போக்குவரத்து கேட்டார், கூட்டக் குறிப்புகள் கேட்டார். ஆணையத்தில் நில விவகாரங்களைப் பார்த்த ஜனீன் ஓக்ஸ் காட்டுப் பக்கம் காரை நிறுத்திய நாட்களை வெண்டல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நாலு தடவை. ஒரு தடவை கூடவே சூட் போட்ட ஓர் ஆள்.

"யாரு அந்த ஆளு?"

"தெரியாதுங்க."

"உனக்கே தெரியாதா, இல்ல சொல்லக்கூடாதா?"

பிறகு விசாரித்தேன். தவளைகளை எண்ணுகிற பேராசிரியராம், வழியில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருக்கிறார். இதைச் சொன்னபோது வெண்டல் என்னைப் பார்த்த பார்வையில், நானும் அன்றைக்கு அந்த நோட்டில் ஏறிவிட்டேன் என்று புரிந்தது.

அக்டோபரில் சமூகக் கூடத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. காப்பியும் வெண்ணெய்ப் பணியாரமும் தீருமுன்பே வெண்டல் எழுந்தார். அவர் குரலை உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"என் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டா நான் உக்காந்துடறேன். இந்தப் பத்தொன்பது ஏக்கரைக் கடைசியா எப்ப அளந்தீங்க?"

ஊர்த் தலைவர் லைல் பிராண்ட் என்னைப் பார்த்தார். நான் நிலக் கோப்பைப் புரட்டினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு.

"அளக்காமலே தூக்கிக் குடுக்கறீங்க. அது பத்தொன்பதா, இருபத்தொன்பதான்னு உங்களுக்கே தெரியாது. அளந்து காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

கைதட்டல் நிற்க நேரமாகியது. அவரைச் சிடுமூஞ்சி என்று சொல்லி வந்தவர்களே முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவர் மனைவி ஆர்டித் மட்டும் கைதட்டாமல் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் நவம்பர் முதல் வாரம் வந்தார். ஊராட்சி சார்பில் நானும் ஆணையத்தின் சார்பில் ஜனீனும் போயிருந்தோம். வெண்டல் அளவைக் கருவிக்குப் பின்னாலேயே நடந்தார். ஒரு மேப்பிள் வேருக்கு அடியில் பழைய எல்லை முளை அகப்பட்டது. துருவேறிய இரும்பு, ஆனால் அசையாமல் நின்றது. அங்கிருந்து ஆற்றை நோக்கிச் சர்வேயர் ஆரஞ்சு நாடாவைக் கட்டிக்கொண்டே போனார். கொஞ்ச தூரத்தில் நின்றார். கருவியில் மறுபடி பார்த்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் தொண்டையைச் செருமினார்.

நாடாவுக்கு அந்தப் பக்கம், ஊராட்சி நிலத்துக்குள் முப்பது அடி தள்ளி, வெண்டலின் பாகுக் கொட்டகை இருந்தது. மார்ச் மாதம் மேப்பிள் மரங்களில் வடியும் நீரைக் காய்ச்சிப் பாகாக்க அவர் அப்பா கட்டியது. அகலமான தகரச் சட்டி, செங்கல் அடுப்பு, ஆவி போகக் கூரையில் ஒரு திறப்பு. ஐம்பது வருடமாக அந்தக் குடும்பம் குழாய் செருகி வந்த மரங்களில் முக்கால்வாசி அந்தப் பக்கம்தான்.

"உங்க கருவி தப்பு," என்றார் வெண்டல்.

"மூணு தடவை பாத்துட்டேன், சார்."

"நாலாவது தடவை பாருங்க."

அவர் நாலாவது தடவையும் பார்த்தார். வெண்டல் கொட்டகைச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இல்லை. எதையோ கணக்குப் போடுகிற முகம்.

ஜனீன்தான் பேசினாள். "மிஸ்டர் ஹாசே, இதை ஒரு பிரச்சனையாக்க வேண்டாம். கோட்டைக் கொஞ்சம் வளைச்சு, இந்த ஒரு ஏக்கரைப் பரிமாற்றத்துலேர்ந்து விட்டுடலாம். ஊராட்சி அதை உங்க பேருக்கே எழுதித் தரட்டும். எங்க பக்கத்துல மறுப்பு இருக்காது."

"ஏன்?"

"எது ஏன்?"

"எதுக்கு எனக்கு இந்த உதவி? உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். மரங்களை நல்லா வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

"ஒண்ணும் வேணாம்னு சொல்ற ஆளைத்தான் நான் நம்பறதே இல்ல." சொல்லிவிட்டுத் தன் பண்ணைப் பக்கம் நடந்துவிட்டார்.

ஒரு வாரத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கால்நடைத் தீவனக் கடையில் வரிசையில் நின்றபோது என் காதிலேயே விழுந்தது.

"சர்வே வேணும்னு யாரு கேட்டா? அவன்தானே?"

"ஆமா. இப்ப ஒரு ஏக்கர் சும்மா கெடைக்குது."

"ஊரைக் காப்பாத்தறேன்னு சொல்லி எப்படி வளைச்சான் பாரு."

திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளே ஒரு சந்தேகம் இருந்தது. அளவைக்கு ஒருவர் அவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருக்குமோ என்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை வெண்டல் வரவில்லை. ஆர்டித் வந்தாள். மேசையில் கையுறைகளைக் கழற்றி வைத்தாள்.

"அவர் சரியா சாப்பிடறதில்ல, டோரீன். ஊர் பேசறதுக்காக இல்ல. அதெல்லாம் அவருக்குப் பழக்கம். அவரோட அப்பா தெரிஞ்சேதான் அங்க கட்டினாரோன்னு யோசிக்கறாரு. நிலத்தைப் புடுங்கின ஆத்திரத்துல, ஊர் நிலத்துல கொட்டகையைப் போட்டாரோன்னு."

"உனக்கு என்ன தோணுது?"

"நான் என் மாமனாருக்குப் பதினாலு வருஷம் சமைச்சுப் போட்டிருக்கேன். அடுத்தவன் வேலிக்கு மேல காய்ச்ச ஆப்பிளைக்கூட பறிக்க மாட்டாரு. ஆனா என் வீட்டுக்காரரு இப்ப என் பேச்சையும் நம்பறதில்ல."

அவள் போன பிறகு நிலவறையைத் திறந்தேன். பழைய கடிதங்களைத் தேதி வாரியாகக் கட்டி வைத்த பெட்டிகள் அங்கே இருந்தன. பல வருடங்களாக யாரும் தொட்டதில்லை. மூன்று மாலைகள் தேடினேன். எழுபத்திரண்டாம் வருடப் பெட்டியில் அது கிடைத்தது. கோடு போட்ட தாளில் பென்சில் எழுத்து. என் பாகுக் கொட்டகை எல்லை தாண்டிவிட்டது என்று இப்போதுதான் தெரிய வருகிறது, தவறு என்னுடையது, அந்தத் துண்டை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன், தயவுசெய்து பதில் போடவும். கீழே எல்மர் ஹாசே என்று கையெழுத்து. பதிலின் நகல் எங்குமே இல்லை. எங்கள் அலுவலகம் பதிலே போடவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே பண்ணைக்குப் போனேன். வெண்டல் சமையலறை ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இல்லாதது இப்ப எப்படித் திடீர்னு வந்துச்சு?"

"தேடினேன், வந்துச்சு."

"யாரு தேடச் சொன்னா? லைல் பிராண்டா?"

"யாரும் சொல்லல, வெண்டல்."

அவர் மறுபடி படித்தார். விரலை ஒரு சொல்லின் மேல் வைத்தார். கொட்டகை என்ற சொல்லில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. "அப்பா கடைசி வரைக்கும் இப்படித்தான் எழுதுவாரு," என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆர்டித் அவர் தோளில் கை வைத்தாள்.

"கூட்டத்துல இதைப் படிச்சுக் காட்டறேன்," என்றேன். "ஊர் வாயை அடைச்சுடலாம்."

"வேணாம்."

"ஏன்?"

"நம்ப மாட்டாங்க. நீயும் நானும் சேர்ந்து எழுதினதுன்னு சொல்லுவாங்க. நானா இருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

டிசம்பர் கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்பு அவர் கொட்டகையைப் பிரிக்க ஆரம்பித்தார். கேள்விப்பட்டு நான் போனபோது கூரை இறங்கியிருந்தது. மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது. ஜனீனின் கார் சாலையில் நின்றது. அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏணியைப் பிடிக்க அவர் எப்படிச் சம்மதித்தார் என்று தெரியவில்லை.

"இதெல்லாம் தேவையே இல்லைன்னு பத்து தடவை சொல்லிட்டேன்," என்றாள் என்னிடம்.

மேலே இருந்து வெண்டல் சொன்னார்: "ஏணியைப் பாருங்க. பேச்சு அப்புறம்."

கூட்டத்தில் பரிமாற்றம் ஒருமனதாக நிறைவேறியது, கோடு எங்கும் வளையாமல். வெண்டல் பின் வரிசையில் இருந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. எல்மர் ஹாசேயின் கடிதம் கிடைத்ததையும், அதற்கு ஊராட்சி பதில் தரத் தவறியதையும் நான் குறிப்பேட்டில் ஏற்றினேன். அதைச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள்.

பனி உருகும் முன்பே வெண்டல் தன் பக்கத்தில் அதே பலகைகளை வைத்துச் சின்னதாக ஒரு கொட்டகை போட்டார். தளம் போடுவதற்கு முன் வேறு ஊரிலிருந்து வேறு சர்வேயரை அழைத்து அளந்துகொண்டார். அந்த மார்ச்சில் அவருக்கு இருபத்திரண்டு மரங்கள்தான். முன்பு தொண்ணூறு. பாகு கறுப்பாக இருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே தித்தித்தது என்றாள் ஆர்டித்.

தீயணைப்பு நிலையம் மறு வருடம் எழும்பியது. தீவனக் கடையில் இப்போதும் சிலர் பேசிக்கொள்கிறார்கள்: கையில் வந்த ஏக்கரை ஒருத்தன் சும்மா விடுவானா, அந்தக் கொட்டகைக்கு அடியில் நாம் பார்க்கக்கூடாத ஏதோ இருந்திருக்கிறது, அதனால்தான் அவ்வளவு அவசரமாகப் பிரித்தான் என்று. இந்தத் தடவை நான் திரும்பி, அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். நீ அவனுக்கு வேண்டியவள்தானே என்றார்கள்.