வடக்குச் சுவர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஹுமேராவின் ஊசி உடைந்தபோது மணி பதினொன்று. கிடைத்த இரண்டு துண்டுகளை உடைந்த ஊசிகளுக்கான கணக்கு அட்டையில் ஒட்டிவிட்டாள். முனையைக் காணோம். ஊசி முனை ஷூவுக்குள் இருந்துவிட்டால் வாங்குகிறவன் மொத்தத்தையும் திருப்பிவிடுவான். அது கிடைக்கிறவரை அவளுக்கு வேலை கிடையாது.

"காந்தம் வெச்சுத் தடவியாச்சு, பெருக்கியாச்சு. வேற இன்னா சார் பண்றது?"

"அந்தக் குருவி முழுங்கியிருக்கும்," என்றார் சூப்பர்வைசர் ஜான்சன். ஷெட்டுக்குள் புகுந்த வாலாட்டிக்குருவி ஒன்று அவள் மேஜைக்கடியில் கொத்திக்கொண்டிருந்தது.

பிடித்து டப்பாவில் போட்டார்கள். உலோகம் இருந்தால் கத்துகிற டிடெக்டரில், செக்கிங் ஆரோக்கியமேரி முதலில் காலி டப்பாவை விட்டாள். சத்தமில்லை. குருவியோடு விட்டாள். கத்தியது.

"அறுத்து எடும்மா," என்றார் ஜான்சன் ஹுமேராவிடம்.

"நானா?"

"வேலை உன்னுதாச்சே. கறியும் நீயே வெச்சுக்கோ."

ஹுமேரா குருவியைக் கையில் எடுத்தாள். அது வடக்குச் சுவரையே பார்த்தது. அவள் திரும்பினாள், அதுவும் உள்ளங்கைக்குள் நகர்ந்து மறுபடி வடக்கே பார்த்தது.

"பங்குனியாச்சே, ஊருக்குப் போற நேரம்," என்றாள் மேரி. "மலையெல்லாம் தாண்டிப் போவும்."

"வழி யாருக்கா சொல்றது?"

"தலைக்குள்ளயே இருக்குதாம். சார், காலத் தூக்குங்க! உங்க செருப்புல இன்னா மின்னுது?"

ஊசி முனை ஜான்சனின் செருப்பில் குத்திக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மேரி சும்மா ஒருமுறை குருவியை டப்பாவில் போட்டு மறுபடி டிடெக்டரில் விட்டாள். கத்தியது.

"அப்ப இதுக்குள்ள இன்னா இருக்குது?"

ஹுமேரா ஜன்னலைத் திறந்தாள். குருவி ஒரு வட்டம்கூட அடிக்காமல் வடக்கே போயிற்று.

சீட்டுக்குத் திரும்புமுன் ஆளையும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். வளையல், தோடு, துப்பட்டா ஊக்கு எல்லாம் கழற்றிவிட்டு நின்றாள். மேரி கைக்கருவியால் தடவினாள். கையில் சத்தமில்லை, கழுத்திலும் இல்லை. நெற்றிக்கு வந்ததும் கத்தியது.

"இன்னா மேரி, கிளியரா?" என்று தூரத்திலிருந்து ஜான்சன் கத்தினார்.

மேரி கருவியை அணைத்தாள். "கிளியர் சார்!" பிறகு மெல்ல, "போய் உக்காருடி. யார்கிட்டயும் சொல்லாத," என்றாள்.

ஹுமேரா உட்கார்ந்தாள். அந்த வரிசையில் எல்லா மெஷினும் கிழக்கே பார்த்தவை.

"ஏய், மெஷின் பக்கம் திரும்பு. சார் பாக்கறாரு," என்றாள் மேரி.

"திரும்பித்தான்க்கா உக்காந்திருக்கேன்," என்றாள் ஹுமேரா, வடக்குச் சுவரைப் பார்த்தபடி.