சிறகுக்குள் ஒரு பிடி உப்பு

சனிக்கிழமை இரண்டு மணிக்கு றொஜர் கராஜின் இரும்புக் கதவைத் தூக்கியபோது அவன் மனைவி விமலராணிக்குக் கால்கள் கடுத்துக்கொண்டிருந்தன. காலையில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் பத்து ஜன்னல்களைத் துடைத்துவிட்டு, கராஜ் இருக்கும் சீசாப் பகுதிக்கு நேரே பஸ் ஏறியிருந்தாள். றொஜரும் விமான நிலையத்தில் காலை வேலையை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். அங்கே இறங்கும் விமானங்களுக்குள் ஏறி, பயணிகள் விட்டுப்போன கடதாசியையும் பிஸ்கட் தூளையும் கூட்டி எடுப்பது பதினொரு வருடமாக அவன் வேலை. விமானத்துக்குள் அத்தனை காலம் குனிந்தே நின்ற மனிதனுக்கு, போன வருடம் சொந்தமாக ஒன்று செய்யவேண்டும் என்று வந்துவிட்டது. இருவர் இருக்கக்கூடிய சிறிய விமானம். பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும், வீட்டிலேயே பொருத்தலாம். முதலில் வால் பகுதி வந்திருந்தது.

கராஜுக்கு மேலே வீடுகள் இருந்த அந்தக் கட்டடத்தில், மத்தியானத் தூக்க நேரமென்று இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை சத்தம் போடக்கூடாது. அவனுக்குக் காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே கிடைப்பதும் அதே இரண்டு மணித்தியாலம்தான். ஆகவே மூன்று மாதங்களாகச் சத்தமில்லாத வேலைகளை மட்டுமே செய்துவந்தான். மேசைகளுக்குத் திருகாணிகளைக் கையாலேயே முறுக்கினான். சுவருக்கு வெள்ளை அடித்தான். விளக்குப் போட்டான். பெட்டியை மட்டும் வந்த அன்றே திறந்து பாகங்களை எண்ணிப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவைத்திருந்தான். இரவில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே தூங்கிப்போவான்.

"இண்டைக்கு அவ ஓமெண்டு சொன்னாத்தான் நான் தொடங்கலாம்," என்றான் இப்போது. 'அவ' என்றது, வீட்டில் விமானம் கட்டுபவர்களின் சங்கத்திலிருந்து வரும் இன்ஜினியரை. அவர் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் ஒரு ஆணிகூட அறைய முடியாது. "இல்லையெண்டா எல்லாத்தையும் மூட வேண்டியதுதான்."

"மூடினா ஒழுங்கா நித்திரை கொள்ளுவியள்."

"செத்தாப் பிறகு கொள்ளுறன்."

"அதுக்குத்தானே இந்தச் சாமானைச் செய்யிறியள்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

பெட்டி வந்த ஒக்டோபர் மாதத்தில், கராஜ் தரையில் ஊறியிருந்த பழைய எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவியவள் அவள்தான். கழுவிக் காய்ந்ததும், தமிழ்ப் பூசை நடக்கும் மாதா கோயிலில் சுவாமியாரிடம் மந்திரித்து வாங்கிவைத்திருந்த உப்பை நாலு மூலைக்கும் போட்டாள். ஊரில், பேசாலையில், புது வீட்டுக்கும் புது வள்ளத்துக்கும் அவள் ஆட்கள் செய்வதுதான். பிறகு பெட்டியைப் பார்த்தாள். மூலைக்குப் போட்ட உப்பு மேலே பறக்கிறவனுக்கு எப்படிக் காவலாகும் என்று நினைத்தாள். மூடியைத் தூக்கி, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு பிடி தூவி, அதன் மேல் மந்திரித்த தண்ணீரும் தெளித்தாள். பெட்டிக்கு அவன் காசு கட்டிய நாளுக்குப் பிறகு அன்றிரவுதான் நிம்மதியாகப் படுத்தாள்.

இன்ஜினியர் ஸ்கூட்டரில் வந்தார். குள்ளமான பெண், நாற்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மேசையின் மட்டம் பார்த்தார், விளக்குகளை அணைத்து ஏற்றினார், தரையில் விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே. யார் சுத்தம் செய்தது?"

"மனைவி," என்றான் றொஜர். பெருமையாகச் சொன்னான்.

பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார். வால் சிறகைத் தாங்கும் நீளத் தண்டை இருவருமாகத் தூக்கி மேசையில் வைத்தார்கள். அதன் மேல் ஒட்டியிருந்த நீல பிளாஸ்டிக் தாளை இன்ஜினியர் ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். பாதியில் நிறுத்தினார். தாளுக்குக் கீழே அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினார். பூ உதிர்ந்த இடங்களில் ஊசி குத்தியதுபோலக் குழிகள்.

"இதை எங்கே வைத்திருந்தாய்? துறைமுகத்திலா?"

"இஞ்சைதான்," என்று தமிழில் சொல்லிவிட்டு இத்தாலியனில் திருப்பிச் சொன்னான். "பெட்டியைத் திறந்து எண்ணினேன். வேறொன்றும் செய்யவில்லை."

"அரித்திருக்கிறது. இது தானாக வராது."

றொஜர் தண்டைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். விமானங்களைத் துடைக்கும் மருந்து பட்டுத் தோலுரிந்த கைகள். அவற்றை இன்ஜினியருக்கு முன்னால் விரித்துக் காட்டினான். "வேலையிலிருந்து நேரே வருவேன். எண்ணும்போது கை கழுவினேனா என்று ஞாபகமில்லை. இதிலிருந்துதான் வந்திருக்கவேண்டும்."

இன்ஜினியர் பெருமூச்சு விட்டார். "பாகங்களைப் பாதுகாக்கத் தெரியாதவருக்கு நான் கையெழுத்து வைக்க முடியாது, சிஞ்ஞோர். கோபிக்காதே. அடுத்த வருடம் எழுது, பார்ப்போம்."

அவன் தலையாட்டினான். கேட்டதற்கெல்லாம் சரி சொல்லிப் பழகிய தலையாட்டல்.

விமலராணி கதவோரம் நின்றாள். வாயைத் திறக்காமல் நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவன் மத்தியானங்களில் வீட்டுக்கு வருவான். ஜன்னலைச் சாத்திவிட்டு இருவரும் படுக்கலாம். வானத்தில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அவள் கேட்டது இதைத்தான். கேட்டபடியே கிடைத்தும்விட்டது. ஆனால் அவன் இன்னும் கைகளை மடக்கவில்லை. விரித்தது விரித்தபடியே, ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவன்போல நின்றான்.

"நான் போட்டேன்," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள். அவளுடைய இத்தாலியன், வீடுகளில் பழகிய இத்தாலியன். கண்ணாடிக்கும் தரைக்கும் வெள்ளிக் கரண்டிக்கும் அதில் சொல் உண்டு, இதற்கு இல்லை. "உப்பு. கோயில் உப்பு. இவர் விழக்கூடாது என்று."

இன்ஜினியர் சிரிக்கவில்லை. "எவ்வளவு?"

"ஒரு பிடி. தண்ணீரும்."

"எல்லாவற்றுக்கும் நடுவிலா?"

"மேலே இருந்ததுக்கு மட்டும்."

இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பாகம் பாகமாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. நீளத் தண்டும் இரண்டு தகடுகளும் இனி உதவாது என்றார். மீதியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒன்றொன்றாகப் பார்க்க வேண்டும். குண்டூசித் தலையளவு குழி இருந்தாலும் விலக்க வேண்டும். அடுத்த வருடம் வரை வேண்டாம், மார்ச்சிலேயே திரும்ப வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

"சிஞ்ஞோரா," என்றார் ஸ்கூட்டரில் ஏறும்போது, "இனி எதையாவது உள்ளே போடுவதாக இருந்தால் முதலில் எனக்கு ஒரு போன் எடு."

அவர் போன பிறகு றொஜர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் இருந்தான்.

"நீர் சொல்லாமல் விட்டிருந்தா நான் இதை விட்டிருப்பன்," என்றான்.

"ஓம். தெரியும்."

"பிறகேன் சொன்னனீர்?"

"உங்கடை கையிலை பிழை இல்லை."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒரு சொல் கேட்டிருக்கலாமே, விமலா. உப்பும் அலுமினியமும் ஆகாதெண்டு ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"கேட்டா சிரிச்சிருப்பியள்."

"ஓம், சிரிச்சுத்தான் இருப்பன். எனக்கும் பயம்தான். ஆருக்கும் சொல்லேல்லை," என்றான்.

அவள் கைப்பையிலிருந்து வேலைக்குக் கொண்டுபோகும் துணிகளை எடுத்தாள். குழாயடியில் இன்னொரு வாளியை நிரப்பினாள். அவன் எழும்ப, "இருங்கோ. துடைக்கிறது என்ரை வேலை. நீங்கள் எடுத்துத் தாங்கோ," என்றாள்.

சிறகுக்கு உள்ளே எலும்புபோல நிற்கும் வளைந்த விலாத் தகடுகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவள் கழுவினாள், துடைத்தாள், விளக்குக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் திருப்பினாள். நல்லது வலப்பக்கம், கெட்டது இடப்பக்கம். எட்டாவதோ ஒன்பதாவதோ வரக் காணவில்லை. பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து, மடியில் ஒரு விலா கிடக்க, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். நாலு மணி தாண்டியிருந்தது; மாலை வேலைக்கு இன்று லீவு சொல்லியிருந்தான். மேல்மாடியில் யாரோ தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார்கள்.

அவன் மடியிலிருந்ததை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தாள். சுத்தமாக இருந்தது. வலப்பக்கம் வைக்கப்போனவள் திரும்பவும் பார்த்தாள். வளைவின் உட்பக்கம், இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே, மயிரளவு ஒரு புள்ளி. நகத்தால் தடவினாள். நகம் தட்டுப்பட்டதுபோலவும் இருந்தது, தட்டுப்படாததுபோலவும் இருந்தது. இன்ஜினியர்கூட அதைக் கண்டிருக்கமாட்டார்.

அதை இடப்பக்கம் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க விமலராணி தானே எழுந்தாள்.