முட்டிவலிக்கார எதிரி

பம்பு அறைக் கட்டடத்தின் பின்பக்க இரும்பு ஏணியில் பாதி ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அங்கே காவலுக்கு ஓர் ஈ காக்கை கூட இல்லை. அணுமின் நிலையத்தில் ஆளில்லாத ஏணியா? இத்தனை வருடக் காவல் வேலையில் அவள் பார்க்காத அதிசயம் அது.

வருடத்துக்கு ஒருமுறை அங்கே இந்தக் கூத்து நடக்கும். காவலர்களில் பாதிப் பேர் எதிரிகளாகி உள்ளே புக வேண்டும், மீதிப் பேர் தடுக்க வேண்டும். துப்பாக்கியில் குண்டுக்குப் பதில் வெறும் ஒளிதான். பட்டால் மேல்சட்டை கீச்சிடும். கீச்சிட்டவர் செத்தவர், ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். உலையைக் குளிரவைக்கும் பம்புகள் இருக்கும் அறையின் கதவை எதிரி தொட்டுவிட்டால் கதை முடிந்தது. இந்த வருடம் அவள் எதிரி. தடுக்கும் அணிக்குத் தலைவர், அவளைக் கட்டிய புண்ணியவான். தோற்றால் அவருக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போய்விடும்.

ஏணி ஏன் காலி என்பது உச்சிக்குப் போனதும் விளங்கியது. எதிரணியில் உயரத்துக்குப் பயப்படாத ஆள் அவள் ஒருத்திதான். அவளுக்கோ ஒரு மாதமாக முட்டிவலி. தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடும் மனிதருக்குத் தெரியாதா? ஏணிக் காவலரைத் தூக்கி வாசலில் போட்டுவிட்டார். வலி போய்விட்டதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கூரைத் திறப்பு வழியாக இறங்கிக் கதவின் முன் நின்றாள். லேசாக இருமினால் போதும், அவருடைய ஆட்கள் ஓடிவந்து சுட்டுவிடுவார்கள். பதவியும் வரும், வீட்டில் நிம்மதியும் இருக்கும். ஆனால் நிஜமாகவே ஒருவன் வந்தால் இருமிக்கொண்டா வருவான்? பாவமாகத்தான் இருந்தது. தொட்டுவிட்டாள்.

மாலையில் எல்லோரையும் உட்காரவைத்து மதிப்பீட்டு அதிகாரி கேட்டார்.

“அந்த ஏணியில ஏன் ஆள் போடல?”

அவள் கணவர் மென்று விழுங்கினார். “என் வீட்டம்மாவுக்கு முட்டிவலி சார்.”

கூடமே குலுங்கியது. அதிகாரியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே ‘தோல்வி’ என்று எழுதினார்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது அவள் பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள்.

“கோவமாங்க?”

“நீ ஏறினது சரிதான். ஓட்டை இப்பவே தெரிஞ்சுது, நல்லதாப் போச்சு. வலி எப்ப போச்சு, அத சொல்லு.”

“போன வாரம்.”

“அடிப்பாவி! நேத்து வரைக்கும் தேய்ச்சேனே! இதுக்குன்னே திட்டம் போட்டியா?”

“சத்தியமா இல்லீங்க. என்னை எதிரணியில போட்டதே முந்தாநாள்தானே.”

“பின்ன ஏன் சொல்லல?”

முன்னால் இருந்த முதுகைப் பார்த்து அவள் சொன்னாள்.

“சொன்னா தேய்க்கிறத நிறுத்திடுவீங்களே.”

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெருமுனை வந்தது. அவர் வண்டியைத் திருப்பாமல், வேகத்தைக் குறைத்து நேராக ஓட்டிக்கொண்டு போனார். சீக்கிரம் வீடு போய்ச் சேர அவளுக்கும் மனமில்லை; அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.